அறிதல் வேறு, வணங்குதல் வேறு

வலங்கைமான் என்னும் ஊர்ப்பெயர் வலக்கையில் மானேந்திய சிவனைச் சுட்டும் என்பர். அம்மண்ணில் வாழும் நமக்கு, விலங்கு ஒரு கருத்தைக் குறிக்கும் மரபு புதிதன்று. எனினும் கிறித்தவக் கலையில் அதனைக் காணுங்கால் நம் மாணாக்கர் சிலர் தயங்குகின்றனர். உருவ வழிபாட்டை ஏற்காத நமக்கு அவை எதற்கு என்பது அவர்தம் வினா. அறிதல் வேறு, வணங்குதல் வேறு என்பதே நம் விடை.

தேவாலய ஓவியங்களில் ஆட்டுக்குட்டி இயேசுவின் தியாகத்தையும், புறா தூய ஆவியையும் குறிக்கும். சிங்கம் மாற்குவுக்கும், காளை லூக்காவுக்கும், கழுகு யோவானுக்கும் உரியன. மத்தேயுவுக்கு மனித உருவம். தன் மார்பைக் கீறிக் குருதியூட்டிக் குஞ்சுகளைக் காக்கும் கூழைக்கடாவும் அங்குண்டு. மெய்யாக அப்பறவை அவ்வாறு செய்வதில்லை. ஆயினும் தன்னை ஈந்து பிறரைக் காத்தல் என்னும் பொருளை அவ்வோவியம் பாமரர்க்கும் உணர்த்துகிறது.

இம்மரபை அறியாது, வீரமாமுனிவர் 3,615 பாடல்களில் யாத்த தேம்பாவணியை முழுதும் துய்த்தல் அரிது. குட்டிக்குப் பாலூட்டிவரச் சென்ற மானுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிணை நின்றதை உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் பிற சமயத் தமிழறிஞரும் படித்து உருகுகின்றனர். அதனால் அவர்தம் சமயம் குறைவுபட்டதுண்டோ? அவ்வன்புக்கு நாமும் கைம்மாறு செய்ய வேண்டாமா?