வார் இருக்க வேற்றுச்சொல் ஏன்?

கைப்பேசியைத் தோளிலும் கழுத்திலும் மாட்டிக்கொள்ளும் கயிறு இன்று அணிகலன்போல் பரவி வருகின்றது. 2025-இல் ஆப்பிள் நிறுவனமே அதனை விற்பனைக்குக் கொணர்ந்தது. தமிழர் நாவில் அதற்குப் பெயரோ ‘ஸ்ட்ராப்’!

அஞ்செட்டி மலைப்புறத்து நாட்றாம்பாளையத்தில் முதியவர் ஒருவரிடம் செருப்பின் பட்டையைக் காட்டிப் பெயர் கேளுங்கள், ‘வார்’ என்பார். தோளில் தொங்கினால் மட்டும் அது வார் ஆகாதோ?

சப்பானியரின் கிமோனோ உடையில், இடுப்புக்குரிய பொருள்களை வைக்கத் தக்க பை இல்லை. எனவே சிறு பேழைகளைக் கயிற்றில் கோத்து இடைக்கச்சையில் தொங்கவிட்டனர். கயிறு நழுவாது தடுத்த குமிழே ‘நெத்சுகே’. பின்னாளில் கைப்பேசியிலும் கயிறு கட்டினர். ஆனால் அதற்கு ஆங்கிலப் பெயரையே திரித்து வழங்கினர். அவர்தம் கைத்திறனைப் போற்றலாம். இப்பிழையைப் பின்பற்ற வேண்டுவதில்லை. புடவைக்கும் பை இல்லை. நம் பாட்டியர் இடையில் செருகிய சுருக்குப்பைக்கு எவரிடமும் பெயர் இரவல் வாங்கவில்லை.

ஒசூரை அடுத்த டாட்டா தொழிற்சாலையில் ஐபோன் உறுப்புகளைச் செய்வோருள் பெரும்பாலார் இளம்பெண்கள், தமிழ்ப்பெண்கள் பலர். செய்யும் கைக்குப் பெயரிடும் உரிமை இல்லையா? கயிற்றின்மேல் எவர்க்கும் பகையில்லை. கூட்டத்தில் கைப்பேசி விழாமற் காப்பது நன்றே. தோள்வார், கழுத்துவார், கைவார் என எல்லையூர்க் கடையினர் பலகையில் எழுதித் தொங்கவிடட்டும். வாங்குவோரும் அப்பெயர் சொல்லியே கேட்கட்டும்.