அருகருகே இருப்பது போதாது

வெவ்வேறு மரபுகள் நெருங்கிப் பழகும் இடத்தில்தான் புதிய அறிவும் கலையும் தொழிலும் பிறக்கின்றன. இதற்குக் கல்லில் வெட்டிய சான்று ஒன்று திருமுக்கூடலில் இருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் இடம் அது. அங்குள்ள அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலின் சுவரில், சோழ மன்னன் வீரராசேந்திரன் காலத்தில், 1060-களின் பிற்பகுதியில் வெட்டப்பட்ட நீண்ட கல்வெட்டு, கோயிலின் வரவு செலவை நெல்லளவில் கணக்கிட்டுச் சொல்கிறது. அந்தச் செலவுகளுக்கு நடுவே ஒரு கல்விச்சாலையும், மாணவர் விடுதியும், 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையும் வருகின்றன. அந்த ஆதுலசாலைக்கு 'வீரசோழன்' என்று பெயர்.

கல்வெட்டு அந்த மருத்துவமனையின் கதவைத் திறந்தே காட்டுகிறது. ஒரு மருத்துவர், அறுவை செய்யும் சல்லியக்கிரியையாளர் ஒருவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளப் பெண்கள், ஒரு நாவிதர் என ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் படி குறித்திருக்கிறது. இரவில் எரியும் விளக்குக்கு எண்ணெய்கூட மறக்கப்படவில்லை. ஓராண்டுக்கு இருப்பு வைக்கவேண்டிய மருந்துகளின் பட்டியலும் உண்டு. மருந்துகளின் பெயர்கள் வடமொழியில் இருக்கின்றன: வாசாஹரீதகி, தசமூலஹரீதகி, கல்யாணலவணம். அளவுகள் தமிழ்: படி, நாழி, தூணி. வாக்கியம் தமிழ் எழுத்தில் ஓடுகிறது. இடையிடையே வடசொல்லுக்குக் கிரந்த எழுத்து வருகிறது. எழுதியவருக்கு இதில் எந்தக் கூச்சமும் இருந்ததாகத் தெரியவில்லை. நோய் தீர வேண்டும். அதற்கு எந்த நூல் உதவுமோ அந்த நூல், எந்தப் படி கையில் இருக்கிறதோ அந்தப் படி.

கல்விச்சாலையின் பாடத்திட்டம் இன்னும் வியப்பூட்டுவது. ரிக்வேதமும் யஜுர்வேதமும் அங்கே கற்பிக்கப்பட்டன. அவற்றோடு வியாகரணமும், அதற்குப் பாடநூலாக 'ரூபாவதார'மும் சொல்லப்பட்டிருக்கின்றன. பாணினியின் இலக்கணத்தை மாணவருக்கு எளிதாக்கி வரிசைப்படுத்திய அந்த நூலை எழுதிய தர்மகீர்த்தி ஒரு பௌத்தர். வைணவக் கோயிலின் வருவாயில், சைவத்தைப் போற்றிய சோழ அரசின் ஆட்சியில், வேதம் பயிலும் பிள்ளைகள் ஒரு பௌத்தரின் நூலைக் கொண்டு இலக்கணம் படித்தார்கள். விடுதியில் உணவு பெற்றவர்களில் பாஞ்சராத்திரம் பயின்றோர், வைகானசர் என்ற இரு வைணவ வழிபாட்டு மரபினரும் சிவப்பிராமணரும் ஒரே பந்தியின் கணக்கில் வருகிறார்கள்.

அதே மன்னனின் 'வீரசோழன்' என்ற பெயர் ஒரு நூலின் மேலும் இருக்கிறது. 'வீரசோழியம்' அவன் காலத்தில் புத்தமித்திரர் என்ற பௌத்தர் எழுதிய தமிழ் இலக்கணம். வடமொழி இலக்கண முறைகளைக் கொண்டுவந்து தமிழுக்குப் பொருத்திப் பார்த்த துணிச்சல் அந்த நூலுக்கு உண்டு. அந்த முயற்சியைப் பின்னால் வந்த எல்லோரும் ஏற்கவில்லை. ஆனால், தமிழை இன்னொரு மொழியின் அருகே நிறுத்தி, எது பொதுவானது, எது தனக்கே உரியது என்று கேட்க வைத்த நூல்களில் அதற்குத் தனி இடம் உண்டு. ஒரு மருத்துவமனையும் ஓர் இலக்கணமும் ஒரே பெயரைத் தாங்கி ஒரே காலத்தில் தோன்றியதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. காஞ்சி இருக்கும் தொண்டை மண்டலத்துக்கும் இந்தப் பழக்கம் உண்டு. கி.பி. 700 அளவில் காஞ்சியில் வாழ்ந்த தண்டியின் வடமொழி அணிநூலான 'காவியாதரிசம்' கன்னடத்தில் 'கவிராஜமார்க்க'மாகவும், சிங்களத்தில் 'சியபஸ்லகர'வாகவும், தமிழில் 'தண்டியலங்கார'மாகவும் மறுபிறவி எடுத்தது. திபெத்திய மொழிக்கும் போனது. போன இடத்திலெல்லாம் அந்தந்த மொழியின் உதாரணங்களும் அணிகளும் சேர்ந்து அது வேறு நூலானது.

திருமுக்கூடலின் படத்தை வண்ணம் பூசிக் காட்டக்கூடாது. அந்தச் சாலையில் படித்தவர்கள் ஒரு வட்டத்தைச் சேர்ந்தவர்களே. அந்தக் கோயில் நிலங்களை உழுதவர்களின் பிள்ளைகளும், துணி நெய்தவர்களின் பிள்ளைகளும், எந்த வீட்டுப் பெண்பிள்ளையும் அங்கே மாணவராக இல்லை. பல நூல்களுக்குத் திறந்த கதவு பல மனிதர்களுக்குத் திறக்கவில்லை. வேற்றுமை பக்கத்தில் இருந்தாலே உறவு வந்துவிடாது என்பதற்கும் காஞ்சியே சான்று. ஒரே பெருமாளின் முன்னால் யார் முதலில் பாடுவது என்ற வடகலை–தென்கலை வைணவர்களின் வழக்கு அங்கே தலைமுறை தலைமுறையாக நீதிமன்றப் படி ஏறியிருக்கிறது.

கல்விச்சாலை கொடுக்காத இடத்தைத் தறி கொடுத்தது. காஞ்சிப் பட்டு ஒரே மக்களின் கைவேலை அன்று. விஜயநகரக் காலத்தில் தெலுங்கு, கன்னட நாடுகளிலிருந்து சாலியரும் தேவாங்கரும் வந்து குடியேறினார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு. இங்கே முன்பே தறி போட்டிருந்த கைக்கோளர் என்ற செங்குந்தருடன் அவர்கள் தொழிலில் கலந்தார்கள். வீட்டுக்குள் தெலுங்கு, தெருவில் தமிழ் என்று பேசும் நெசவுக் குடும்பங்கள் இன்றும் உண்டு. பட்டுநூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது. சரிகை குஜராத்தின் சூரத்திலிருந்து. சரிகை என்ற சொல்லே பொன்னைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. புட்டாவும் வடக்கிலிருந்து வந்த சொல்தான். தறியின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டி, பிரான்சின் லியோன் நகரத்துப் பட்டு நெசவாளர் ஜோசப் மரி ஜக்கார்டு 1804-இல் கொண்டுவந்த கருவியின் வாரிசு. துளையிட்ட அட்டைகளால் இழைகளைத் தூக்கும் அந்த முறை வருவதற்கு முன், நூலைக் கட்டிக் கட்டி வடிவம் எடுக்கும் 'அடை' முறை காஞ்சியில் இருந்தது. புதியது வந்தபோது காஞ்சி அதற்குத் தன் யாளியையும் அன்னத்தையும் தாழம்பூ ரேக்கையும் கற்றுக்கொடுத்தது.

இவ்வளவையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் கோர்வைப் புடவை நெய்யும் தறியருகே நிற்க வேண்டும். உடல் ஒரு நிறம், இரு கரைகளும் வேறு நிறம். எனவே நாடா மூன்று. தறியில் ஒருவர் அமர்ந்து உடலை நெய்ய, பக்கத்தில் துணைக்கு இன்னொருவர் அமர்ந்து கரையின் நாடாவைத் தள்ளுகிறார். உடலின் ஊடையும் கரையின் ஊடையும் சந்திக்கும் ஒவ்வொரு முறையும் ஒன்றையொன்று சுற்றிப் பின்னிக்கொள்கின்றன. கிழித்தாலும் கரையும் உடலும் பிரியாது என்று நெசவாளர்கள் பெருமையாகச் சொல்வது இந்த இணைப்பைத்தான். முந்திக்கு நிறம் மாறும் இடத்தில், பழைய பாவின் ஒவ்வோர் இழையையும் புதிய பாவின் இழையோடு விரலால் முறுக்கிச் சேர்ப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள். ஒரு புடவைக்குப் பத்து நாளும் ஆகும், இருபது நாளும் ஆகும். இருவரும் ஒரே தாளத்துக்கு வராவிட்டால் கரை கோணும்.

அருகில் இருந்தால் போதாது, நெருங்கிப் பழக வேண்டும் என்ற இதே உண்மையை அண்மைக்கால உளவியல் ஆய்வுகளும் வேறு வழியில் கண்டிருக்கின்றன. வில்லியம் மாடக்ஸும் ஆடம் கலின்ஸ்கியும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், வெளிநாட்டில் தங்கி வாழ்ந்தவர்களிடம் படைப்பாற்றல் கூடியிருந்தது. சுற்றுலாப் போய்வந்தவர்களிடம் அந்தத் தொடர்பு தெரியவில்லை. ஜாக்சன் லூவும் உடன் ஆய்வாளர்களும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஓர் அடி முன்னே போனது. வேற்றுப் பண்பாட்டினரோடு காதல் கொண்டவர்களில், எத்தனை பேரோடு பழகினார்கள் என்பதைவிட எவ்வளவு நீண்ட காலம் பழகினார்கள் என்பதே புதிதாகச் சிந்திக்கும் திறனோடு தொடர்பு கொண்டிருந்தது. ஒருவர் தம் வழக்கத்தை இன்னொருவருக்கு விளக்க வேண்டிவரும்போதுதான் 'ஏன் இப்படிச் செய்கிறோம்' என்று முதல்முறையாகத் தமக்கே கேட்டுக்கொள்கிறார். அறிமுகத்தில் அந்தக் கேள்வி எழாது. உறவில் எழாமல் இருக்காது.

தமிழகத்தில் இதற்குக் கண்ணெதிரே நிற்கும் உதாரணம் ருக்மிணி தேவி. 1920-இல், பதினாறு வயதில், பிரம்மஞான சபையைச் சேர்ந்த ஆங்கிலேயர் ஜார்ஜ் அருண்டேலை மணந்தார். அன்றைய சென்னை அதை மன்னிக்கவில்லை. அந்த மணத்தின் வழியே உலகம் சுற்றியபோது ரஷ்ய பாலே நடனமணி அன்னா பாவ்லோவாவின் நட்பு கிடைத்தது. பாலே கற்க ஆசைப்பட்டவரிடம், சொந்த மண்ணின் நடனத்தைத் தேடிப் போகச் சொன்னவர் பாவ்லோவாவே. ருக்மிணி தேவி மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும், இன்று பரதநாட்டியம் என்று வழங்கும் சதிர் கற்று, 1935-இல் மேடையேறி, 1936-இல் கலாக்ஷேத்திராவைத் தொடங்கினார். மேடை அமைப்பும் ஒளியும் உடையும் மாறின. ஆடை தேடியவர் கையில் காஞ்சியின் பழைய கோர்வை வடிவங்கள் சிக்கின. கலாக்ஷேத்திராவின் தறிகள் அகலக் கரை, அழுத்தமான நிறம் என்று அவற்றை மீட்டெடுத்தன. ஒரு ரஷ்யத் தோழமை காஞ்சித் தறிவரை வந்து சேர்ந்த வழி இது.

இந்தக் கதைக்கு வலி நிறைந்த மறுபக்கமும் உண்டு. சதிரைத் தலைமுறைகளாகக் காத்துவந்த இசை வேளாளர் குடும்பத்துப் பெண்கள் புதிய மேடையிலிருந்து மெல்ல விலக்கப்பட்டார்கள். கலை அவர்களுடையது, புகழ் பிறருடையது என்றானது. சிருங்காரத்தைக் குறைத்துத் 'தூய்மை'ப்படுத்தும் போக்கை, அந்த மரபிலிருந்து வந்த நடனக் கலைஞர் பாலசரஸ்வதி கடைசிவரை ஏற்கவில்லை. அவர் எதிர்ப்பு நியாயமானது. பண்பாடுகள் கலக்கும்போது படைப்பு வளரும். ஆனால் அதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற கேள்வியை விட்டுவிட்டால் கலப்பு பறிப்பாகிவிடும்.

இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் வரலாற்றில் இல்லாத அளவுக்குப் பலநாட்டவரும் பலமொழியினரும் வாழ்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்த 1990-களிலிருந்து கொரியர்களும், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளால் ஜப்பானியர்களும், ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட், அசாம் தொழிலாளர்களும் அருகருகே இருக்கிறார்கள். கொரிய எழுத்தில் பெயர்ப்பலகை வைத்த உணவகங்கள் நெடுஞ்சாலையோரம் நிற்கின்றன. சம்பல்பூரி இக்கத் நெய்யும் மாவட்டத்திலிருந்து வந்த இளைஞரும், முகா பட்டு நெய்யும் சுவால்குச்சிப் பக்கத்து இளைஞரும், தறியை விட்டு ஷிப்டுக்குப் போன காஞ்சி நெசவாளரின் மகனும் ஒரே அசெம்பிளி லைனில் நிற்கக்கூடும். மூவருக்கும் நூல் தெரியும் என்பது மூவருக்கும் தெரியாமலே எட்டு மணிநேரம் போய்விடும். கலப்பு இருக்கிறது, பழக்கம் இல்லை. வெளிமாநிலத் தொழிலாளியை 'வடக்கன்' என்று ஒற்றைச் சொல்லில் ஒதுக்கும் பேச்சு இந்தப் பழக்கத்தை முளையிலேயே கிள்ளுகிறது. தெலுங்கு பேசியவர்களை வரவேற்றுத் தறி கொடுத்த ஊருக்கு அந்தப் பேச்சு அழகன்று.

தறியின் பக்கமோ, துணைக்கு அமர ஆள் கிடைக்காமல் கோர்வை குறைந்துவருகிறது. விசைத்தறியில் ஓட்டிய துணி கைத்தறிப் பட்டின் பெயரில் விற்கப்படுகிறது. கைத்தறிக்கெனச் சில ரகங்களை ஒதுக்கிய 1985-ஆம் ஆண்டுச் சட்டமும், 2005-06-இல் காஞ்சிப் பட்டுக்குக் கிடைத்த புவிசார் குறியீடும் ஏட்டில் இருக்கின்றன. அவற்றைக் கடைவீதியில் நடைமுறைப்படுத்துவது அரசின் கடமை. அதில் சாக்குப்போக்குக்கு இடமில்லை.

அதைவிடப் பெரிய வேலை உறவுகளை மீண்டும் கட்டுவது. கோர்வையில் துணைக்கு அமர்ந்து கற்பவருக்கு, ஆலையில் பயிற்சியாளருக்குக் கிடைப்பதற்குக் குறையாத உதவித்தொகையை அரசு தர வேண்டும். எந்தச் சாதியினராயினும், எந்த மாநிலத்தவராயினும், ஆணோ பெண்ணோ, அந்த இடம் திறந்திருக்க வேண்டும். காஞ்சியில் உள்ள நெசவாளர் சேவை மையம் ஒடிசா, அசாம் நெசவாளர்களை ஆறு மாதமாவது இங்கே தங்கவைத்து, இங்குள்ளவர்களை அங்கே அனுப்ப வேண்டும். மூன்று நாள் கண்காட்சியில் யாரும் யாரிடமும் எதையும் கற்பதில்லை. புதிய வடிவம் பிறந்தால் அதை வரைந்தவர், நெய்தவர் இருவரின் பெயரும் புடவையின் சீட்டில் அச்சிடப்பட வேண்டும். விற்பனையில் அவர்களுக்குப் பங்கும் வேண்டும். வெளிமாநிலத் தொழிலாளரின் பிள்ளைகள் சேரும் அரசுப் பள்ளிகளில், அவர்கள் மொழி தெரிந்த ஒருவரையாவது நியமித்து, தமிழைப் பொறுமையாகக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

திருமுக்கூடல் கல்வெட்டு மாவட்டத்தின் எல்லாப் பள்ளிகளிலும் பாடமாக வேண்டும். கணுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பழையசீவரத்துக்குப் பரிவேட்டைக்கு எழுந்தருளி, சுற்றுவட்டார ஊர்களின் பெருமாள்களோடு திருமுக்கூடலில் கூடுகிறார். அன்று ஆற்றங்கரைக்கு வரும் கூட்டத்தில் உழவரும் நெசவாளரும் ஆலைத் தொழிலாளரும் இருப்பார்கள். அந்த நாளில் கோயில் வாசலில் ஒருவர் நின்று, 15 படுக்கைகளின் கணக்கையும், பௌத்தரின் நூலைப் படித்த மாணவர்களின் கணக்கையும், அங்கே இடம் கிடைக்காதவர்களின் கணக்கையும் சேர்த்து உரக்கப் படித்துச் சொல்வதற்கு அறநிலையத் துறையும் தொல்லியல் துறையும் ஏற்பாடு செய்யலாம். தமிழில் சொன்னபின் இந்தியிலும் ஒடியாவிலும் சொல்ல ஆட்கள் அந்தக் கூட்டத்திலேயே கிடைப்பார்கள்.