இஞ்சி இல்லாத 'ஜிஞ்சர்லி'

நமக்குத் தெரிந்த குடும்பத்துப் பிள்ளை ஒருவர் உத்தியோகத்துக்கு விண்ணப்பம் எழுதி, அனுப்புவதற்கு முன் நம்மிடம் காட்ட வந்தார். எந்த வேலையைக் கொடுத்தாலும் 'ஜிஞ்சர்லி' செய்து முடிப்பதாக அதில் உறுதி கூறியிருந்தார். அர்த்தம் என்னவென்று கேட்டோம். "ஜிஞ்சர் என்றால் இஞ்சி, இஞ்சிக்குக் காரம் உண்டு, ஆகையால் சுறுசுறுப்பாக என்று அர்த்தம், ஸார்" என்றார். தர்க்கம் அழகுதான். ஆனால் படிக்கும் அதிகாரி, "கொடுத்த வேலையைத் தொட்டும் தொடாமலும் பயந்து பயந்து செய்வேன்" என்றல்லவா அறிந்து கொள்வார்!

இந்தச் சொல்லுக்கும் இஞ்சிக்கும் உறவே இல்லை. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் தலைகாட்டியபோது, நாட்டியத்தில் நளினமாக அடியெடுத்து வைப்பதை இது குறித்தது. மென்மையைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல் ஒன்று இதன் தாயாக இருக்கலாம் என்பது அகராதிக்காரர்களின் கருத்து. நளினமாக வைத்த அடி நாளடைவில் ஜாக்கிரதையாக வைத்த அடியாயிற்று. பிறகு காலிலிருந்து கைக்கும் வந்துவிட்டது. ஷேக்ஸ்பியரின் 'வெரோனாவின் இரு கனவான்கள்' நாடகத்தில், நழுவவிட்ட கடிதத்தைத் தோழி குனிந்து எடுக்கும் விதத்தைக் கண்டு தலைவி கேட்கும் கேள்வியில் இச்சொல் வருகிறது.

வேடிக்கை என்னவென்றால், 'ஜிஞ்சர்' மட்டும் நம் பக்கத்துச் சரக்கு. தென்னாட்டு இஞ்சிவேரே வடமொழி, கிரேக்கம், லத்தீன் என்று ஊர் சுற்றி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது என்று மொழிநூலார் பலர் கூறுகின்றனர்.

பிரயோகத்துக்கு வருவோம். பாசி பிடித்த குளத்துப் படியில் பாட்டி இறங்குகிறாளே, அதுதான் 'ஜிஞ்சர்லி'. தூங்கிவிட்ட குழந்தையின் தலைக்கடியிலிருந்து தாயார் கையை உருவுவதும் அதுவே. கடன் கேட்டவருக்கு மனமில்லாமல் நோட்டை எண்ணிக் கொடுப்பது அதுவன்று. அதற்கு 'ரிலக்டண்ட்லி' என்ற சொல் இருக்கிறது. நமது 'தயங்கித் தயங்கி' இரண்டு இடத்துக்கும் பொருந்திவிடுவதால்தான் நம்மவர் தடுமாறுகிறார்கள். மனமே பின்வாங்குவது ஒன்று. மனம் துணிந்த பின் கையும் காலும் யோசிப்பது மற்றொன்று. பாட்டிக்குக் குளிக்க ஆசைதான், படியைத்தான் நம்பவில்லை.

பிள்ளையாண்டான் அந்தச் சொல்லை அடித்துவிட்டு, அதைவிடக் கம்பீரமான வார்த்தை ஒன்று கேட்டார். 'நன்றாகச் செய்வேன்' என்று எளிய ஆங்கிலத்தில் எழுதச் சொன்னோம். அவருக்கு அவ்வளவாகத் திருப்தியில்லை. அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை.