பழைய டிரக்குக்கு எலெக்ட்ரிக் ஃபேன்... ரிலே இல்லாமல் வேண்டாம்!

ஃபோர்டு எஃப்-100, செவர்லே சி10... அமெரிக்காவில் இந்தப் பழைய பிக்கப் டிரக்குகளைப் புதுப்பித்து ஓட்டுபவர்கள் ஏராளம். இவற்றில் ரேடியேட்டர் ஃபேனைச் சுழற்றுவது இன்ஜின்தான். டிராஃபிக்கில் நின்றால் இன்ஜின் வேகம் குறையும், ஃபேனும் மெதுவாகும், சூடு ஏறும். அதனால்தான் பலர் எலெக்ட்ரிக் ஃபேனுக்கு மாறுகிறார்கள்.

சிக்கலே வயரிங்கில்தான். பெரிய ஃபேன் 30 ஆம்பியருக்கு மேலும் இழுக்கும். ஓடத் தொடங்கும் நொடியில் இன்னும் அதிகம். அந்தக் கரன்ட்டை டாஷ்போர்டு ஸ்விட்ச் வழியாகவே கொடுத்தால் வயர் உருகலாம்; தீப்பிடிக்கவும் செய்யலாம்.

இங்கேதான் ரிலே வேண்டும். ஸ்விட்ச்சில் துளி கரன்ட் மட்டும் ஓடி ரிலேவை இயக்கும். ஃபேனுக்கான கரன்ட், பேட்டரியிலிருந்து தடிமனான வயரில் ரிலே வழியாகப் போகும். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

கையால் போடும் ஸ்விட்ச்சை மட்டும் நம்பினால், ஒருநாள் மறந்தாலும் இன்ஜின் காலி! வெப்பநிலை ஸ்விட்ச் வைத்தால் ஃபேன் தானாகவே ஓடும். உதாரணமாக, தெர்மோஸ்டாட் 82 டிகிரி செல்சியஸில் திறந்தால், ஃபேன் 91-ல் ஓடி 85-ல் நிற்கலாம். நிற்கும் அளவு 82-க்குக் கீழே போனால் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும்.

கடைசியாக, ஆல்டர்னேட்டர். 1960-களின் பல டிரக்குகளில் அது 40 ஆம்பியருக்குள்தான். ஹெட்லைட்டும் ஃபேனும் சேர்ந்தால் பேட்டரி இறங்கிவிடும். ஃபேன் வாங்கும் முன் அதைப் பாருங்கள்!