புரோட்டீன் பவுடரும் பையனின் காலும்

பையன் அடிக்கடி விழுகிறானா? மாடிப்படி ஏறத் திணறுகிறானா? ஊரிலிருந்து போனில் பாட்டி, பக்கத்து ஃப்ளாட் ஹிந்திக்கார ஆன்ட்டி, ஆபீஸ் நண்பர், எல்லோரிடமும் ஒரே வைத்தியம்தான். "வெளியூர் சாப்பாடு, சத்து பத்தலை. புரோட்டீன் பவுடர் கலக்கிக் கொடு." இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

புரோட்டீன் என்றால் டப்பா மாவு என்று விளம்பரக்காரன் நம்ப வைத்துவிட்டான். உடம்புக்குள் ஒவ்வொரு புரோட்டீனுக்கும் தனி வேலை உண்டு.

செல்லுக்குள் ஆக்டின் என்ற புரோட்டீன் சுமார் 7 நானோமீட்டர் தடிமனில் இழையாக ஓடுகிறது. அதைப் பிடிக்க, வெட்ட, கிளை பிரிக்க 100-க்கும் மேற்பட்ட புரோட்டீன்கள். தசையில் மயோசின் ஆக்டினை இழுப்பதால்தான் கால் அசைகிறது. அப்படி இழுக்கும்போது தசைச் செல்லின் சவ்வு கிழியக்கூடாதே! அதற்குத்தான் டிஸ்ட்ரோபின். ஒரு முனையில் ஆக்டினையும், மறுமுனையில் சவ்விலுள்ள புரோட்டீன்களையும் பிடித்துக்கொள்ளும். இந்தப் பிடி இல்லாமல் போனால் டுஷேன் தசைச்சிதைவு. பெரும்பாலும் பையன்களுக்கு வரும்.

பிடிதான் முக்கியம் என்பதற்குச் சாட்சி பெக்கர் வகை நோய். அதில் பலருக்கு டிஸ்ட்ரோபினின் நடுப்பகுதி குட்டையாகியிருக்கும், இரு முனைகளும் மிஞ்சியிருக்கும். நோயும் மெதுவாகத்தான் முற்றும்.

"பவுடர் குடித்தால் என்ன கெட்டுவிடும்?" என்பீர்கள். குடித்தது அமினோ அமிலமாக உடைந்துவிடும். சமையல் குறிப்பே தப்பு, மளிகை மட்டும் மூட்டையாக வாங்கி என்ன பயன்? டிஸ்ட்ரோபினை 1987-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். நாம் இன்னும் டப்பாவில் தேடுகிறோம். மாதங்கள் வீணாகின்றன. கெடுவது அதுதான்.

விழுகிற பையனுக்கெல்லாம் இதுதான் என்று பயமுறுத்தவில்லை. ஆனால் தொடையில் கையூன்றி எழுந்தால், கெண்டைக்கால் பருத்திருந்தால், டாக்டரிடம் போய் ரத்தத்தில் சி.கே. அளவு பார்க்கலாமா என்று கேளுங்கள். அது மிக அதிகமாக இருந்தால் ஜீன் பரிசோதனை. முழுதாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லைதான். ஆனாலும் ஸ்டீராய்டு, நடை நிற்பதைத் தள்ளிப்போடும். இதயத்தையும் மூச்சையும் முன்கூட்டியே கவனிக்கலாம்.

கடைசியாக ஒன்று. "அம்மாக்காரி ஒழுங்கா ஊட்டலை" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குப் பையன்களுக்கு, இது அம்மாவிடமே இல்லாத புதிய ஜீன் பிழை. மற்றவர்களிலும் அவள் செய்த தப்பு எதுவுமில்லை. உதவ ஆசையிருந்தால் டப்பாவை விட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கூடப் போய் வாருங்கள்.