தேர்தலில் நிற்கும் நியாயாதிபதி

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகரை உள்ளடக்கிய ஹாரிஸ் கவுண்டியில், பொதுத் தேர்தல் நாளன்று வாக்குச் சாவடிக்குள் நுழையும் ஒரு பிரஜை, ஆட்சிப் பதவிகளுக்கான அபேட்சகர்களின் பெயர்களையெல்லாம் கடந்து வந்த பின்னரும், இன்னும் பல டஜன் பெயர்களைத் தம் எதிரே காண்கிறார். அவையெல்லாம் நியாயாதிபதிகளாக விரும்புகிறவர்களின் பெயர்கள்; ஒவ்வொரு பெயரின் அருகிலும் அவரவர் கட்சியும் குறிக்கப்பட்டிருக்கிறது. திருட்டு வழக்கை விசாரிக்கப் போகிறவரும், கொலை வழக்கை விசாரிக்கப் போகிறவரும் அங்கே வோட்டுக்கு நிற்கிறார்கள். மரண தண்டனையின் மேல் முறையீட்டை அம்மாநிலத்தில் முடிவாகத் தீர்மானிக்கும் குற்றவியல் உச்ச நியாயஸ்தலத்தின் ஒன்பது நீதிபதிகளுங்கூட ஆறாண்டுக்கு ஒரு முறை ஜனங்களின் வாக்கைக் கேட்டே பதவியில் அமர்கிறார்கள். 2018-ஆம் ஆண்டுத் தேர்தலில் ஹாரிஸ் கவுண்டி முழுவதும் வாக்களித்த நீதிபதிப் பதவிகளுக்குப் போட்டியிட்ட குடியரசுக் கட்சியினர் அனைவருமே தோற்றனர். அவர்களில் சிறந்தவர்களும் இருந்திருப்பார்கள், சாதாரணமானவர்களும் இருந்திருப்பார்கள். காற்று எதிர்த் திசையில் வீசிற்று, எல்லோரும் போனார்கள்.

இந்த ஏற்பாட்டை ஆரம்பித்து வைத்தவர்களை நான் குறை கூற மாட்டேன். 1832-ல் மிஸிஸிப்பி மாநிலம் தன் நீதிபதிகள் எல்லோரையும் தேர்தலின் மூலமே பெறுவதென்று அரசியல் சட்டத்தில் எழுதிற்று. 1846-ல் நியூயார்க்கும் அவ்வாறே எழுதிய பிறகு, அந்த நூற்றாண்டில் புதிதாக ஐக்கியத்தில் சேர்ந்த மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதே வழியில் சென்றன. கவர்னருக்கும் சட்டசபைக் கோஷ்டிகளுக்கும் வேண்டியவர்களே நீதி ஆசனங்களில் ஏற்றப்பட்டதைக் கண்டு மனம் கசந்தவர்கள், அந்த ஆசனத்தை அதிகாரிகளின் தயவினின்று விடுவிப்பதற்கு ஜனங்களின் வாக்கே தகுந்த கருவி என்று நம்பினார்கள். நீதிபதியைச் சுதந்திர புருஷராக்கவே அவர்கள் தேர்தலை நாடினார்கள் என்பதை, இன்று அதைக் கண்டிக்கும் நாம் மறந்துவிடலாகாது.

ஆனால் குற்றவியல் நியாயஸ்தலத்திற்கு ஒரு விசேஷத் தன்மை உண்டு. நிலத் தகராற்றில் இரு குடும்பங்கள் எதிரெதிரே நிற்கின்றன. இரண்டுக்கும் வோட்டு உண்டு, உறவினர் உண்டு, ஊரில் பேசுவதற்கு நாவும் உண்டு. குற்றக் கூண்டில் நிற்கிறவனுக்கோ பெரும்பாலும் இவற்றில் எதுவும் இல்லை. அவன் ஏழை, சிறையில் இருக்கிறவன், தண்டனை பெற்ற பின் அநேக மாநிலங்களில் அவனுடைய வாக்குரிமையும் பறிபோகிறது. ஒரு நியாயாதிபதி இரக்கங்கொண்டு விடுவித்த மனிதன் மறு வருஷம் ஒரு கொலை செய்தால், அந்த நியாயாதிபதியின் பெயர் எதிர்க்கட்சிக்காரரின் விளம்பரத்தில் அந்தப் பிணத்தின் பக்கத்திலேயே அச்சாகும். அதே நியாயாதிபதி ஐந்து வருஷம் போதுமான ஒருவனுக்குப் பதினைந்து வருஷம் விதித்தால், மிகையான அந்தப் பத்து வருஷத்தைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதாது, எந்த வாக்காளரும் அறியமாட்டார். இரக்கத்தின் பிழை வெளியே தெரியும், கடுமையின் பிழை சிறைச் சுவருக்குள் மறைந்துபோகும் என்ற நிலையில், ஜனங்களுக்குக் கணக்குச் சொல்லும் கடமை என்பது ஒரு பக்கமாகவே சாய்ந்த தராசாகிவிடுகிறது. நியாயாதிபதி கெட்டவராக இருக்க வேண்டுமென்ற அவசியமே இல்லை. நல்லவரே ஆனாலும் அந்தச் சாய்வின் மேல்தான் அவர் அமர்ந்திருக்கிறார்.

இதை ஊகமென்று தள்ளுகிறவர்கள் அலபாமாவின் சரித்திரத்தைப் படிக்க வேண்டும். அம்மாநிலத்தில் கொலைக் குற்றத்தை விசாரித்த பன்னிரண்டு ஜூரர்கள் கலந்து பேசி, இவனுக்கு மரணம் வேண்டாம், ஆயுள் சிறையே போதும் என்று சொன்ன பிறகும், அந்த முடிவைத் தள்ளிவிட்டு மரண தண்டனை விதிக்கும் அதிகாரம் நியாயாதிபதிக்கு நெடுங்காலம் இருந்துவந்தது. அந்த நியாயாதிபதிகளோ கட்சியின் பெயரால் தேர்தலில் நின்று ஜெயித்தவர்கள். 2013-ல் ஐக்கிய அமெரிக்காவின் உச்ச நீதிமன்ற நீதிபதி சோனியா சோட்டோமேயர், அலபாமா வழக்கொன்றை ஏற்க அம்மன்றம் மறுத்தபோது தம் மாறுபட்ட அபிப்பிராயத்தை எழுதினார். ஜூரியின் தீர்மானத்திற்கு மாறாக அந்தச் சட்டத்தின் கீழ் 95 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டிருப்பதை அதில் எடுத்துக் காட்டியதோடு, தேர்தலின் நிர்ப்பந்தத்துக்கு அந்த நியாயாதிபதிகள் இணங்கிப்போனதாகவே தோன்றுகிறது என்ற கருத்தையும் மறைக்காமல் பதிவு செய்தார். மரண தண்டனையை ஆதரித்துத் தேர்தல் விளம்பரம் செய்த ஒரு நியாயாதிபதியையும் அவர் சுட்டியிருந்தார். அதே அதிகாரத்தைக் கொண்டு மரணத்தை ஆயுள் சிறையாகக் குறைத்தவர்களும் உண்டு. ஆனால் அது மிக அரிதாகவே நிகழ்ந்தது.

ஜூரியின் முடிவை மீறி மரணம் விதிக்கப்பட்டவர்களின் வரிசையில் வால்டர் மக்மில்லியன் என்ற கறுப்பின மனிதரும் ஒருவர். 1986-ல் மன்றோவில் நகரத்துக் கடையொன்றில் ஓர் இளம்பெண் கொலையுண்டாள். அந்த வேளையில் மக்மில்லியன் தம் வீட்டில் இருந்தார் என்று பலர் சாட்சி கூறியும், ஒன்றரை நாளே நடந்த விசாரணையில் அவர் குற்றவாளியென்று தீர்ப்பாயிற்று. ஒருவரைத் தவிர மற்றெல்லோரும் வெள்ளையராயிருந்த அந்த ஜூரிகூட ஆயுள் சிறையைத்தான் சிபாரிசு செய்தது. நியாயாதிபதி அதை மாற்றி மரணம் விதித்தார். பிரையன் ஸ்டீவன்ஸன் என்ற வழக்கறிஞரின் விடாமுயற்சியால், பொய்ச் சாட்சி சொன்னவனே உண்மையை ஒப்புக்கொள்ள, 1993-ல் மக்மில்லியன் விடுதலையடைந்தார். அந்த நியாயாதிபதியின் மனத்தில் என்ன இருந்தது என்று கூற எனக்கு உரிமையில்லை. ஆனால் சந்தேகத்தின் சாயலையாவது உணர்ந்து உயிரை விட்டுவைக்கச் சொன்ன ஜூரியின் குரலை, ஜனங்களின் பெயரால் ஆசனமேறிய ஒருவர் தள்ளிவிட முடிந்தது என்பதை எண்ணுந்தோறும் என் மனம் பதறுகிறது.

பிற மாநிலங்களிலும் அடையாளங்கள் இல்லாமலில்லை. பென்ஸில்வேனியாவின் தண்டனைகளை ஆராய்ந்த ஹியூபர், கார்டன் என்ற இரு அறிஞர்கள், நியாயாதிபதிகள் மீண்டும் வாக்காளரைச் சந்திக்க வேண்டிய நாள் நெருங்க நெருங்க அவர்கள் விதிக்கும் சிறைக்காலமும் நீளுகிறது என்று 2004-ல் காட்டினார்கள். டென்னஸியில் 1996-ல் பென்னி ஒயிட் என்ற நீதிபதி பதவியிழந்தார்; ஒரு மரண தண்டனையை ரத்து செய்த தீர்ப்பில் அவரும் சேர்ந்திருந்தார் என்பதே அவர்மேல் சுமத்தப்பட்ட பெரும் குற்றம். அத்தீர்ப்பை எழுதியவர்கூட அவர் அல்லர்.

இனி, என் கட்சிக்கு விரோதமாகச் சொல்லத்தக்கதை மறைப்பது நியாயமாகாது. ஹாரிஸ் கவுண்டியில் சிறு குற்றங்களுக்காகப் பிடிபட்ட ஏழைகள், ஜாமீன் பணம் கட்ட வகையில்லாத ஒரே காரணத்தால் சிறையில் கிடந்தனர். செல்லுபடியாகாத லைசென்ஸோடு கார் ஓட்டியதற்காக 2,500 டாலர் ஜாமீன் கேட்கப்பட்ட ஒரு பெண் தொடுத்த வழக்கில், இந்த வழக்கம் அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று 2017-ல் பெடரல் நீதிபதி லீ ரோஸன்தால் தீர்ப்பளித்தார். அதை எதிர்த்து வழக்காடிய உள்ளூர் நியாயாதிபதிகள் அடுத்த ஆண்டுத் தேர்தலில் அகற்றப்பட்டனர். புதிதாக வந்தவர்கள் 2019-ல் சமரச உடன்பாடு செய்துகொண்டு ஜாமீன் முறையைத் திருத்தினார்கள். அந்தத் தேர்தலில் கறுப்பினப் பெண்கள் பதினேழு பேர் நீதி ஆசனம் ஏறினார்கள் என்பதும் சாமானியமான காரியமல்ல. இவற்றை நான் மனமார வரவேற்கிறேன். எனினும் கூர்ந்து நோக்கினால், அநீதியை முதலில் அநீதியென்று உரத்துச் சொன்னவர், ஆயுள் பரியந்தம் நியமனம் பெற்று எவருடைய வாக்கையும் எதிர்பாராத ஒரு நீதிபதியே. ஜனங்கள் அதன் பின்னர்த்தான் வந்தார்கள். அன்றியும், அவர்கள் திருத்தியது எல்லோருக்கும் பொதுவான ஒரு விதியை. பொது விதி ஜனங்களின் தீர்ப்புக்கு உரியதுதான். இன்ன மனிதனுக்கு இத்தனை வருஷம் என்பது அப்படிப்பட்ட விஷயமல்ல.

இந்த வேறுபாட்டைச் சீர்திருத்தக்காரர்களும் சில சமயம் மறந்துவிடுகிறார்கள். கலிபோர்னியாவின் சாண்டா கிளாரா கவுண்டியில், ஒரு பெண்ணைப் பலாத்காரம் செய்ய முயன்ற கல்லூரி மாணவனுக்கு ஆறு மாதமே சிறை விதித்த ஆரன் பெர்ஸ்கி என்ற நியாயாதிபதியை, 2018-ல் வாக்காளர் திரும்ப அழைத்தனர். அந்தப் பெண்ணுக்கு இழைக்கப்பட்ட கொடுமையை எண்ணினால் ஜனங்களின் கோபம் முற்றிலும் இயல்பானது. ஆயினும் திரும்ப அழைக்கும் முயற்சி ஆரம்பமானதுமே அம்மாநிலத்தின் மற்ற நியாயாதிபதிகள் தண்டனைகளைக் கூட்டத் தொடங்கினார்கள் என்றும், கூடிய பாரம் வசதி படைத்த மாணவர்கள்மேல் விழாமல் கறுப்பினத்தார், லத்தீன் அமெரிக்கர் ஆகியோர்மேலேயே பெரிதும் விழுந்தது என்றும் பின்னர் ஆராய்ந்தவர்கள் கண்டார்கள்.

இத்தனை அனுபவம் வட எல்லையில் கிடக்கையில், மெக்ஸிகோ 2024-ல் தன் அரசியல் சட்டத்தைத் திருத்தி, 2025 ஜூன் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் முதல் குற்றவியல் மாவட்ட நீதிபதிகள் வரை ஒரு பகுதிப் பதவிகளைத் தேர்தலுக்கு விட்டது. அங்கே லஞ்சமும் குடும்பச் செல்வாக்கும் நீதித்துறையை அரித்திருந்தன என்பதில் உண்மையுண்டு. ஜனங்களின் சினத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் வாக்களிக்க வந்தவர்கள் நூற்றுக்குப் பதின்மூன்று பேர் அளவே. யாருக்கு வாக்களிப்பதென்று எழுதிய துண்டுத் தாள்கள் பல ஊர்களில் கை மாறின. போதைக் கூட்டங்கள் ஊர் ஊராக ஆதிக்கஞ் செலுத்தும் நாட்டில், அந்தக் கூட்டத்தாரை விசாரிக்கும் நியாயாதிபதி ஒன்பது வருஷத்துக்கொரு முறை அதே ஊர்களில் வோட்டுக் கேட்கப் போகலாம் என்ற ஏற்பாட்டை நினைக்கவே அச்சமாயிருக்கிறது.

மூத்த நீதிபதிகள் சிலர் மூடிய கதவுக்குள் கூடிப் பெயர்களைத் தேர்ந்தெடுக்கும் நம் நாட்டுக் கொலீஜியம் முறையை இதற்கு மாற்றாக நான் சிபாரிசு செய்யவில்லை. காரணம் கூறாத நியமனமும் ஜனங்களை அவமதிப்பதே. தேர்தலைக் கைவிட விரும்பாத தேசங்கள், நியாயாதிபதியை ஒரே முறை, நீண்ட காலத்துக்குத் தேர்ந்தெடுத்து, மறு தேர்தல் என்பதையே நீக்கிவிடலாம். உள்ளே வரும்போது ஜனங்கள் அவரைப் பார்க்கட்டும். வந்த பிறகு அவர் ஜனங்களின் முகத்தைப் பார்த்துத் தண்டனை எழுத வேண்டிய நிர்ப்பந்தம் இருக்கலாகாது. மெக்ஸிகோ தன் மீதி நீதிபதிகளைத் தேர்தலுக்கு விடுமுன்னே இந்த ஒரு திருத்தத்தையாவது செய்துகொள்ள முடியும்.

அலபாமா செய்ய வேண்டியதோ இன்னும் அவசரமானது. ஜூரியை மீறும் அதிகாரத்தை அம்மாநிலம் 2017-ல் ரத்து செய்தது. ஆனால் முன்பு விதிக்கப்பட்ட தண்டனைகளை அந்தச் சட்டம் தொடவில்லை. பதினொரு ஜூரர்கள் ஆயுள் சிறை போதுமென்றும் ஒருவர் மட்டுமே மரணமென்றும் சொல்லியிருக்க, நியாயாதிபதியால் மரணத்துக்கு அனுப்பப்பட்ட கென்னத் ஸ்மித், 2024 ஜனவரி 25-ஆம் தேதி நைட்ரஜன் வாயுவால் கொல்லப்பட்டார். அவரைப் போலவே ஜூரிகள் உயிரோடு விடச் சொல்லியும் மரண தண்டனை பெற்ற மற்றவர்கள் இன்றும் அம்மாநிலச் சிறைகளில் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். 2017-ன் சட்டத்தை அவர்களுக்கும் உரியதாக்கும் மசோதாக்கள் சட்டசபைக்கு வந்தும் நிறைவேறாமற் போயின. அடுத்த மசோதாவையாவது அச்சபை நிறைவேற்ற வேண்டும்.