ஒரே ஆள், ஒரே சீட்டு

கார்த்திகை பிறந்தால் குற்றாலத்தில் குளித்து மாலை போடுகிறவர்களில் குடிக்கிறவர்களும் உண்டு. கடையநல்லூர் டீக்கடைப் பேச்சில் அவர்கள்தான் உதாரணம்: “மாலை போட்டா நாப்பத்தோரு நாளு தொடுறதில்ல. அப்ப முடியும்லா? மொதல்ல குடிய விடட்டும், மனசு வைத்தியத்த பொறவு பாப்போம்.” கேட்க நியாயமாக இருக்கிறது. இப்படிச் சொல்லப்படும் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

“மனசு வைத்தால் விடலாம்.” மாலை உதவுகிறது, மறுக்கவில்லை. கூட்டு இருக்கிறது, கெடு இருக்கிறது. ஆனால் குடிக்க வைத்த பயமும் தூக்கமின்மையும் மாலையோடு கழன்றுவிடுவதில்லை. அதோடு, பல வருடம் தினமும் குடித்தவர் சட்டென நிறுத்தினால் முதல் இரண்டு, மூன்று நாளுக்குள் கை நடுங்கலாம், வலிப்பு வரலாம். சுவரில் இல்லாத பூச்சியைத் தட்டிக்கொண்டிருப்பார். வீடு ‘காத்து கருப்பு’ என்று கயிறு கட்ட ஓடும். உயிர் போகக்கூடிய அவசரம் அது. நிறுத்துவதற்கே வைத்தியர் வேண்டும்.

“குடியை விட்டால் மனம் தானாகத் தெளியும்.” பாதி உண்மை. மதுவே உண்டாக்கிய சோர்வு, நிறுத்திய இரண்டு முதல் நான்கு வாரங்களில் பலருக்கு விலகும். குடிக்கு முன்பே இருந்த மனச்சோர்வு விலகாது. எது எது என்று பிரித்தறியக் கூடவே இருந்து கவனிக்க வேண்டும். ‘பிறகு வா’ என்று அனுப்பிவிட்டால் கவனிப்பது யார்? குரல் கேட்கிறது, சாகலாம்போல் இருக்கிறது என்பவரிடம் தவணை சொல்லவே முடியாது.

“மனநல மாத்திரையும் ஒரு போதைதான்.” சில தூக்க மாத்திரைகள் பழக்கமாகும், அதனால்தான் அவற்றை அளந்து, சில நாளைக்கு மட்டும் தருகிறார்கள். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் போதை தருவதில்லை. உண்மையான ஆபத்து, ‘தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கலாம்’ என்று விற்கும் குடிமறப்பு மருந்தில் இருக்கிறது. அதில் இருக்கக்கூடிய, குடியை வெறுக்கவைக்கும் டைசல்ஃபிரம் மருந்து, சிலருக்கு மனநோயையே கிளப்பிவிடும். அதன்மேல் குடித்தால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

“இரண்டும் வேறு வேறு.” 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், மது, போதைப்பொருளால் வரும் மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள்தான் வைத்திருக்கிறது. அமெரிக்காவில் இருபதாயிரம் பேரிடம் நடந்து 1990-ல் வெளிவந்த ஆய்வில், மதுநோய் கண்டவர்களில் 37 சதவீதம் பேருக்கு வேறொரு மனநோயும் இருந்தது. அதாவது, மூவரில் ஒருவருக்கு மேல்.

“நம்ம ஊரில் அதற்கெல்லாம் வசதி ஏது?” இதில் நியாயம் உண்டு. தென்காசி தனி மாவட்டமானதே 2019-ல்தான். அதுவரை பெரிய வைத்தியம் என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கு பஸ் ஏறுவதுதான் வழக்கம். ஆனால் வசதி குறைவு என்பது, ஒரே ஆளை குடிக்கு ஒன்று, மனசுக்கு ஒன்று என இரண்டு வாசலுக்கு அலையவிடாமல் இருப்பதற்கான காரணம். மில் கூலியை விட்டுவிட்டு வருகிறவர் ஒரு வாசலோடு திரும்பிவிடுவார்.

ஆகவே ஓ.பி. சீட்டு வாங்கி உள்ளே போனதும் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள்: இவ்வளவு குடிக்கிறார், இத்தனை நாளாகத் தூங்கவில்லை, இப்படிப் பேசுகிறார். வெட்கப்பட்டு ஒன்றை மறைத்தால் அரை வைத்தியம்தான் கிடைக்கும். போக முடியாத இரவில் அரசின் மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம்.